பிரியாணிப் பொட்டலம் இல்லாமல் கூட்டம் சேர்க்கலாம்: மாதிரி ரயில் நடைமேடைக்கு மலிவான ஆட்கள்

என் மேசைமேல் இருக்கும் மாம்பலம் ரயில் நிலையத்தில் முதன்முதலில் வந்து இறங்கியவர்கள் பன்னிரண்டு பேர். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் வாங்கிக் கொடுத்த இரண்டு பெட்டிகளில் இருந்தவர்கள். முழங்கால் வரை கோட்டு, தலையில் தொப்பி, ஒருவர் கையில் மடக்கிய குடை, ஓர் அம்மாள் கழுத்தில் மஃப்ளர். வேலைப்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் குனிந்து பார்த்துவிட்டு, “மாமா, மாம்பலத்தில் பனி பெய்கிறதா?” என்று கேட்டாள். சற்று யோசித்து, “ஏன் ஆளே இல்லை? இன்றைக்கு பந்த்தா?” என்றும் கேட்டாள்.

இரண்டும் நியாயமான கேள்விகள். படியிறங்கினால் ரங்கநாதன் தெரு என்றிருக்கும் நிலையத்தில், அதுவும் மாலை ஏழு மணிக்கு, பன்னிரண்டு பேர் நிற்பது நடக்காத காரியம். (என் லேஅவுட்டில், அதாவது மேசைமேல் இருக்கும் இந்த மாதிரி ரயில் அமைப்பில், எப்போதும் மாலை ஏழு மணிதான். குட்டி விளக்குகள் எரிவதைப் பார்ப்பதில் எனக்கு அவ்வளவு ஆசை.) நிற்கிறவர்களும் நம்மவர்களாக இல்லை. இந்த இரண்டு குறைகளையும் கையைக் கடிக்காத செலவில் சரிசெய்ய எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அதில் பாதி, செய்த தப்பைத் திருத்துவதிலேயே போயிற்று. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தப் பாதி மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை பேர் வேண்டும்?

கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். நான் வேலை செய்வது எச்.ஓ. அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. நிஜத்தின் ஓர் அடி இங்கே 3.5 மில்லிமீட்டர். ஐந்தரை அடி ஆள் 19 மில்லிமீட்டர் உயரம், ஐந்தடிப் பாட்டி பதினேழரை. இங்கிலாந்துக்காரர்களின் ஓ.ஓ. அளவு என்றால் அதே ஐந்தரை அடி ஆள் 22 மில்லிமீட்டர். 160-இல் ஒரு பங்கான ‘என்’ (N) அளவு என்றால் வெறும் 10 மில்லிமீட்டர், ஓர் அரிசியைவிடக் கொஞ்சம் பெரியவர். இனி நான் சொல்லும் எல்லா அளவும் எச்.ஓ.வுக்கு.

சென்னைத் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.-இன் பெயரால் வழங்கும் ரயில் பெட்டி ஒன்றின் நீளம் 21.3 மீட்டர். எச்.ஓ.வில் அது இருபத்தைந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. முழு நீள நடைமேடை செய்ய வீட்டில் இடமில்லை என்பதால் மூன்று பெட்டிகள் நிற்கும் அளவுக்கு 75 சென்டிமீட்டர் நீளம், 7 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றைச் செய்தேன். நிஜத்தில் இது 65 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள இடம், கிட்டத்தட்ட நானூறு சதுர மீட்டர். நான்கு சதுர மீட்டருக்கு ஒருவரை நிறுத்தினாலே நூறு பேர் வேண்டும். நிறுத்திப் பார்த்தேன். மதியம் இரண்டு மணி போல இருந்தது. மாலைக் கூட்டம் என்று நம்ப வைக்க இருநூறு பேராவது தேவைப்படுகிறார்கள்.

வண்ணம் பூசிய ஆறு பேர் கொண்ட ஜெர்மன் பெட்டி ஒன்று பத்து யூரோவைத் தாண்டும். அஞ்சல் செலவும் சுங்கமும் தனி. இருநூறு பேருக்கு முப்பத்துநான்கு பெட்டிகள் ஆகும். அந்தக் காசுக்கு நல்ல இன்ஜின் ஒன்று வாங்கலாம். எனக்கு இன்ஜின்தான் வேண்டும், ஆகவே ஆட்களைக் கையால் செய்யக் கற்றுக்கொண்டேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லேண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குட்டி மனிதர்கள் இருக்கிறார்கள். அங்கே அதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. நமக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் உண்டு.

நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம், நானும் தாண்டித்தான் போனேன். ஒரு மாலை நேரத்தில் நிஜ நடைமேடைக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். கேமரா தேவையில்லை, சிறிய குறிப்பேடு போதும். மக்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்பதில்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் குறிப்பேட்டில் இருப்பது இது. மின்விசிறிக்குக் கீழே வட்டமாக எட்டுப் பேர், அடுத்த விசிறி ஓடவில்லை, கீழே ஒருவரும் இல்லை. தூணுக்கு முதுகு கொடுத்து இருவர். பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் மட்டும் நெருக்கம். படிக்கட்டு முடிகிற இடத்தில் பெருந்திரள், அங்கிருந்து இருபதடி தள்ளிப் போனால் காலி. படியிறங்கியவுடன் கிடைக்கும் பெட்டியே போதும் என்பதுதான் நம் வழக்கம். தனியாக நிற்பவர்கள் குறைவு. இரண்டு பேர், மூன்று பேர், குழந்தையோடு நான்கு பேர் என்று கொத்துக் கொத்தாக நிற்கிறார்கள். கொத்துக்கும் கொத்துக்கும் நடுவில் வெறும் தரை.

புதியவர்கள் செய்யும் முதல் தப்பு இங்கேதான். கையில் நூறு பேர் இருந்தால் நாற்று நடுவது போல ஒரே இடைவெளியில் நட்டுவிடுகிறோம். நூறு பேரை அப்படி நட்டால் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டம் போல இருக்கும். அதே நூறு பேரைக் கொத்தாக்கி மூன்று இடங்களில் திரட்டி நடுவில் இடம் விட்டால் இருநூறு பேர் போலத் தெரியும். ஒரு ரூபாய் செலவில்லாமல் கூட்டத்தை இரட்டிப்பாக்கும் வழி இது.

இன்னொரு முடிவையும் அங்கேயே எடுத்துவிடுங்கள்: எந்த நிமிடத்தைக் காட்டப் போகிறீர்கள்? ரயில் வந்து நின்றதும் ஏறும் அவசரத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஓடும் தோரணையில் இருந்தவர்களை விளிம்பில் நிறுத்தினேன். ரயில் நிற்கும்வரை அருமையாக இருந்தது. அது கிளம்பிப் போனதும், காலியான தண்டவாளத்தை நோக்கி முப்பது பேர் ஒற்றைக்காலில் உறைந்து நின்றார்கள். ரயில் வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு என்று வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை. காத்திருக்கிறவர்கள் நிஜத்திலேயே அசையாமல் நிற்கிறவர்கள். தாம்பரம் போகும் நடைமேடை என்றால் பாதிப் பேரின் முகம் கோடம்பாக்கம் பக்கம் திரும்பியிருக்கட்டும். ஒருவர் மட்டும் விளிம்பைத் தாண்டித் தலையை நீட்டி எட்டிப் பார்க்கட்டும். அந்த ஒருவர் இல்லாத நடைமேடையை நான் பார்த்ததே இல்லை.

முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை

இருநூறு பேரையும் ஒரே கவனத்தோடு செய்தால் நாற்பதாவது ஆளில் வெறுத்துவிடும். பார்க்கிறவர் கண் போய் நிற்கும் இருபது பேரை மட்டும் சிரத்தையாகச் செய்யுங்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்கும் எண்பது பேருக்குச் சரியான நிறமும் உருவமும் இருந்தால் போதும். அதற்கும் பின்னால் நூறு பேர் காகிதத்திலும் கடுகிலும் வந்துவிடுவார்கள். கடுகைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முன்வரிசைக்கும் நடுவரிசைக்கும் பொம்மைகளை வாங்கித்தான் ஆக வேண்டும். இரண்டு வழிகள் உண்டு. 1949-இல் தொடங்கிய ஜெர்மனியின் பிரைஸர் நிறுவனம், வண்ணம் பூசாத நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களை ஒரே பெட்டியில் விற்கிறது. பூசியவற்றோடு ஒப்பிட்டால் தலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, முக அமைப்பும் துணி மடிப்பும் கூர்மையாக இருக்கும். இன்னொரு வழி, கட்டடக்கலை மாணவர்களுக்காகச் சீனாவில் வார்க்கப்படும் பிளாஸ்டிக் ஆட்கள். இணையக் கடைகளில் நூறு பேர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறார்கள். முகம் மழுங்கலாக இருக்கும், பளபளவென்று சாயம் பூசியிருப்பார்கள், பத்துப் பன்னிரண்டு தோரணைகளே திரும்பத் திரும்ப வரும். நடுவரிசைக்கு அது போதும். நான் ஜெர்மன் பெட்டி ஒன்றும் சீனப் பொட்டலம் ஒன்றும் வாங்கினேன்.

சீனப் பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் அளவை நம்ப வேண்டாம், வந்ததும் அளவுகோலை வைத்துப் பாருங்கள். 75-இல் ஒரு பங்கு ஆள் எச்.ஓ. நடைமேடையில் நின்றால் ஆறேகால் அடிக்கும் மேல் உயரமாகிவிடுவார். ஒருவர் அப்படி இருக்கலாம், இருபது பேர் இருந்தால் கூடைப்பந்துப் போட்டிக்குப் போகும் கூட்டம். 100-இல் ஒரு பங்கு ஆட்கள் வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். பதினாறே முக்கால் மில்லிமீட்டர் உயரத்தில் அவர்கள் நம் ஊர் அம்மாக்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் சரியாகப் பொருந்துவார்கள். பின்னால் நிறுத்தினால் தூரத்தில் நிற்பது போலவும் தெரியும்.

வண்ணம்

பாத்திரம் துலக்கும் திரவத்தை வெந்நீரில் கலந்து உருவங்களை அதில் கால் மணி நேரம் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது. காலடித் தட்டை வெட்டி எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் குச்சியில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, ஒரு குச்சிக்குப் பத்துப் பேரை நிறுத்துங்கள். சாம்பல் நிறப் பிரைமரை (அடிப்பூச்சு) மொட்டை மாடியில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, மெல்லியதாகத் தெளியுங்கள். சீன ஆட்களின் பளபளப்பு இத்தோடு ஒழிந்துவிடும்.

ஓர் ஆளை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவரிடம் போகாதீர்கள். ஒரு நிறத்தைக் கலந்தால் நாற்பது பேருக்கும் அதைப் பூசி முடித்துவிட்டு அடுத்த நிறத்துக்குப் போங்கள். தோலில் தொடங்கி, பிறகு மேலாடை, கீழாடை, முடி என்று உள்ளிருந்து வெளியே வருவது வசதி. தோலுக்கு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), வெள்ளை மூன்றையும் கலந்து மூன்று மூடிகளில் மூன்று நிறமாக வைத்துக்கொள்ளுங்கள். நிஜத் தோலைவிட ஒரு மாற்று வெளிறலாகவே இருக்கட்டும். இவ்வளவு சிறிய உருவத்தில் எந்த நிறமும் தன்னளவைவிடக் கறுத்துத் தெரியும். முடிக்கும் அப்படித்தான், சுத்தக் கறுப்பை வைத்தால் தலையில் ஓட்டை விழுந்தது போல இருக்கும், கொஞ்சம் பழுப்புச் சேருங்கள்.

ஸ்டேஷனரிக் கடை அக்ரிலிக் வண்ணங்களைப் புட்டியிலிருந்து எடுத்து அப்படியே பூசினால் கோலிக்குண்டு நிறம் வரும். ஆண்களின் சட்டைக்கு ஒரு துளி சாம்பல் நிறம் கலந்தே பூசுங்கள். வெள்ளை, வெளிர்நீலம், கட்டம் போட்ட பழுப்பு, பெரும்பாலும் இவ்வளவுதான் நம் ஆண்கள். புடவைகளுக்கும் சுடிதார்களுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டாம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் கூட்டத்துக்கு மங்கிய நிறங்களையே பூசச் சொல்வார்கள். அங்கே அது சரி. மாம்பலத்தில் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் ஒரே ஆள் உடுத்தியிருப்பார்.

கண் வரையாதீர்கள். மூன்று சென்டிமீட்டர் கண் இங்கே மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு கை நிதானம் இருந்தாலும் பேயைக் கண்டவர் போல விழிப்பார்கள். ஒரு துளி பழுப்பு வண்ணத்தில் பத்துத் துளி தண்ணீரும் சோப்புத் திரவத்தில் நனைத்த பல்குத்தும் குச்சியின் முனையும் சேர்த்து உடல் முழுவதும் ஒருமுறை தடவினால், கண்குழியிலும் துணி மடிப்பிலும் அதுவே போய்த் தேங்கி நிழல் காட்டும். அந்த ஒரு தடவலில் ஆள் உயிர் பெற்றுவிடுவார். பொட்டும் வேண்டாம், தெரியாது. ஆனால் கொண்டைக்குப் பின்னால் பல்குத்தும் குச்சியால் வெள்ளையில் ஒரு புள்ளி வையுங்கள். மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கும் அது மல்லிகைப்பூ என்று தெரியும். கடைசியாக, பளபளப்பில்லாத வார்னிஷைத் தெளித்து முடித்துக்கொள்ளுங்கள்.

புடவை

இதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், எனக்கு அதிகம் தோல்வி கிடைத்த இடம் இது.

நிஜப் புடவை ஐந்தரை மீட்டர். 87-ஆல் வகுத்தால் 6.3 சென்டிமீட்டர். அகலம் 13 மில்லிமீட்டர். மெல்லிய காகிதத்தில் அந்த அளவுக்குத் துல்லியமாக வெட்டி, கொசுவம் வைத்து, முறைப்படி கட்டிவிட்டேன். கட்டி முடித்தபோது அந்த அம்மாள் நெல் குதிர் போல நின்றார். காரணம் பிறகுதான் புரிந்தது. காகிதத்தின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் என்றாலும் 87-ஆல் பெருக்கினால் நான்கு மில்லிமீட்டருக்கு மேல். கோரைப்பாயைச் சுற்றிக் கட்டியதற்குச் சமம்.

இப்போது செய்வது இப்படி. கோட்டு அல்லது பாவாடை போட்ட ஜெர்மன் பெண்ணைத் தேர்ந்தெடுத்து, தொப்பி இருந்தால் அரத்தால் தேய்த்துத் தலையாக்கிவிடுவேன். கோட்டின் கீழ்ப்பகுதியே புடவையின் கீழ்ப்பகுதி, அங்கே காகிதம் வேண்டாம், முன்பக்கம் நடுவில் கத்தி முனையால் மூன்று நான்கு கோடுகள் கீறினால் அதுவே கொசுவம். முகம் துடைக்கும் டிஷ்யூ காகிதத்தை உரித்து ஒரே ஓர் அடுக்கை எடுத்து, அதில் 25-க்கு 5 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை வெட்ட வேண்டும். ஃபெவிகாலைப் பால் பதத்துக்குத் தண்ணீரில் கரைத்து, உருவத்தின் வலது இடுப்பில் ஒரு பொட்டு வைத்துத் துண்டின் நுனியை ஒட்டுங்கள். அது காயும்வரை, அதாவது இரண்டு நிமிடம், கையை எடுத்துவிடுங்கள். பிறகு ஈரத் தூரிகையால் துண்டை மார்பின் குறுக்கே இடது தோளுக்கு ஏற்றி, முதுகில் விழவிடுங்கள். விரல் படக் கூடாது, பட்டால் விரலோடு வந்துவிடும். ஈரம் இருக்கும்போதே முதுகில் விழும் முந்தானையைத் தூரிகை நுனியால் இரண்டு மூன்று முறை நெடுக்காக ஒதுக்கினால் மடிப்பு தானே விழும். காய்ந்த பிறகு வண்ணம் பூசி, விளிம்பில் தங்க நிற ஜெல் பேனாவால் ஒரே இழுப்பு இழுத்தால் சரிகைக் கரை. கை நடுங்கி அது கோணலாகப் போனால் விட்டுவிடுங்கள், காற்றில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேட்டி இதைவிட எளிது. கால்சட்டைக் கால்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை எம்-சீலால் (குழாய் ஒழுகலை அடைக்கும் களிம்பு) அடைத்து, ஈர விரலால் வழித்து, வெள்ளை பூசினால் போதும். அளவோடு செய்யுங்கள். இன்றைய நடைமேடையில் பெரும்பாலான ஆண்கள் பேன்ட்தான் போடுகிறார்கள், பெண்களில் பாதிப் பேர் சுடிதார். முட்டி வரையுள்ள கோட்டும் அதன் கீழே தெரியும் காலும் நிறத்தை மாற்றினாலே சுடிதார் ஆகிவிடும், மஃப்ளர் துப்பட்டா ஆகிவிடும். ஆக, மாற்ற வேண்டியது இருபது முப்பது பேரை மட்டுமே.

எழும்பூரிலும் மாம்பலத்திலும் மீட்டர் கேஜ் மின்ரயில் ஓடிய காலத்தை, அதாவது 2004-க்கு முந்தைய காலத்தைச் செய்கிறவர்களுக்கு வேட்டியும் புடவையும் இன்னும் நிறையத் தேவைப்படும். அவர்கள் சாமான்களையும் பார்த்துச் செய்ய வேண்டும், முதுகுப்பையும் இழுக்கும் பெட்டியும் கூட்டத்தின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்தக் காலத்துக்கும் மாம்பலத்தில் இல்லாமல் முடியாதது துணிக்கடைப் பைதான். இன்றைக்கு என்றால் கட்டைப்பை. துணிக்கடை விளம்பரத் தாளிலேயே நல்ல சிவப்பாக இருக்கும் இடத்தில் 10-க்கு 5 மில்லிமீட்டர் வெட்டி, இரண்டாக மடித்து, கைக்குக் கீழே ஒரு பொட்டுப் பசையில் ஒட்டுங்கள். காது வேண்டாம், கண் தானே சேர்த்துக்கொள்ளும். இருபது பைகள் ஒட்டியதும் எந்த ஊர் என்று சொல்ல பெயர்ப்பலகையே தேவையில்லாமல் போயிற்று.

கடையில் கிடைக்காதவர்கள்

நான் வாங்கிய பெட்டிகள் எதிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் இல்லை, குத்துக்காலிட்டு உட்கார்ந்தவரும் இல்லை, மூட்டையில் சாய்ந்து தூங்குபவரும் இல்லை. இந்த மூவரும் இல்லாமல் நம் நடைமேடை எப்படி நிறையும்? இவர்களைக் கம்பியில்தான் கட்ட வேண்டும்.

பழைய மின்கம்பியை உரித்தால் முடிபோன்ற செம்பு இழைகள் கிடைக்கும். ஐந்து சென்டிமீட்டர் இழையை இரண்டாக மடித்து, மடிப்பில் தலைக்கு ஒரு சுழி விட்டு, மார்பு வரை முறுக்கி, மீதியைக் கால்களாக விடுங்கள். கைகளுக்கு இன்னோர் இழையைக் குறுக்கே சுற்றுங்கள். இடுப்பிலும் முட்டியிலும் மடக்கி உட்காரவைத்துவிட்டு, அதன் பிறகுதான் எம்-சீலை அப்ப வேண்டும். இரண்டு கலவைகளையும் சமமாகப் பிசைந்து (கையுறையோடு), கடுகளவு கடுகளவாக எடுத்து அப்பி, தண்ணீர் தொட்ட பல்குத்தும் குச்சியால் வழியுங்கள். ஒரு மணி நேரத்தில் இறுகும். அடுத்த நாள் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து வண்ணம் பூசலாம். முதல் ஐந்து பேர் உருளைக்கிழங்கு போல இருப்பார்கள். அவர்களைப் போர்வை போர்த்தித் தூங்குபவர்களாக மாற்றிக்கொண்டேன். ஒருவரையும் தூக்கிப் போடவில்லை.

காகித மனிதர்களும் கடுகும்

பின்வரிசையில், தூணுக்கும் டீக்கடைக்கும் பின்னால், நிற்கிறவர்களுக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கனபரிமாணம் எதற்கு? புகைப்படம் போதும். வீட்டார் அனுமதியோடு குடும்ப விழாப் படங்களில் முழு உருவமாக நிற்பவர்களை எடுத்து, தலை முதல் கால்வரை 19 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, பளபளப்பில்லாத தடித்த தாளில் அச்சிட்டு, ஓரமாக வெட்டுங்கள். வெட்டிய விளிம்பில் தாளின் வெள்ளை தெரியும். அதைக் கறுப்புப் பென்சிலால் ஒரு சுற்றுத் தேய்க்க மறந்தால் எல்லாம் வீண்.

நான் பயன்படுத்தியது ஒரு கல்யாணப் படம். ஒரே படத்தில் நாற்பது பேர் கிடைத்தார்கள். ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், பின்வரிசை மொத்தமும் பட்டுப்புடவையும் பட்டு வேட்டியுமாக நின்றது. பார்க்க வந்த அத்தை தன்னைத் தானே தேடிக் கண்டுபிடித்து மகிழ்ந்தார். மற்றவர்களிடம் அன்றைக்கு முகூர்த்த நாள் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் சாதாரண நாளில் எடுத்த படமாகப் பார்த்து எடுங்கள்.

மேம்பாலத்தில் போகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். கைப்பிடிச் சுவருக்கு மேலே தலையும் தோளும் மட்டுமே தெரிகிற இடம் அது. மனிதத் தலையின் அகலம் எச்.ஓ.வில் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பருத்த கடுகு ஏறக்குறைய அந்த அளவுதான். அட்டையை ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் தோள் வடிவமாக வெட்டி, வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு தோளிலும் ஒரு கடுகு வைத்து, சட்டையும் முகமும் முடியும் பூசினால் ஒரு மணி நேரத்தில் அறுபது பேர் பாலத்தைக் கடப்பார்கள். ‘என்’ (N) அளவில் வேலை செய்கிறவர்களுக்குக் கேழ்வரகு. கடுகுக்குப் பதிலாக ஒருமுறை ஜவ்வரிசியை முயன்றேன். மேலே நீர்த்த வண்ணத்தைத் தடவியதும் தலைகள் ஊறிப் பெருத்து, மறுநாள் காலையில் பாலத்தில் பூசணிக்காய்ச் சந்தை நடந்துகொண்டிருந்தது. சமையலறையிலிருந்து எதை எடுத்தாலும், முதலில் வார்னிஷில் முக்கிக் காயவையுங்கள், பூச்சியும் அண்டாது.

நிறுத்துவது

உடனே ஒட்டிவிடாதீர்கள். சுவரில் படம் ஒட்டும் மெழுகுபோன்ற பசையைக் காலடியில் கடுகளவு வைத்து இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். கொத்துகளில் யாராவது ஒருவர் மற்றவரைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே தோரணை கொண்ட இருவர் ஒரே பார்வையில் விழக் கூடாது. செல்பேசியின் கேமராவை நடைமேடை மட்டத்தில், அவர்கள் கண் உயரத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால் எல்லாக் குறையும் தெரிந்துவிடும். முக்கியமாக, சாய்ந்து நிற்பவர்கள். மேலிருந்து பார்க்கும்போது தெரியாத சாய்வு கேமராவில் கள்ளுக்கடை வாசல் போலத் தெரியும்.

நேரடியாக நடைமேடையில் ஒட்டாமல், அதே நிறம் பூசிய மெல்லிய அட்டைத் துண்டுகளில் கொத்துக்கு ஒரு துண்டாக ஒட்டுவதைத்தான் நான் விரும்புகிறேன். தரையில் கல் பாவிய கோடுகளோடு துண்டின் விளிம்பைச் சேர்த்துவிட்டால் இணைப்பு தெரியாது. கூட்டத்தை இடம் மாற்றலாம், பெயர்த்து எடுத்துத் துடைக்கலாம். விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டராவது தள்ளி நிறுத்துங்கள். ஒட்டுவதற்கு முன் உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெட்டியை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய்ப் பாருங்கள், நடைமேடை வளைவில் இருந்தால் கட்டாயமாக. எட்டிப் பார்ப்பவரை முதல் நாளே என் ரயில் அடித்துவிட்டது.

நடைமேடையின் ஒரு முனையில் மேம்பாலம் இருந்தால் அதன் அடியில் நடைமேடைக்குக் குறுக்கே முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு ஒன்றை நிறுத்திப் பாருங்கள். விளிம்புகளைப் பாலத்தின் தூண்கள் மறைத்துக்கொள்ளும், நடைமேடை இரண்டு மடங்கு நீளும், ஆட்களும் இரட்டிப்பாவார்கள். கண்ணாடிக்கு அருகில் எழுத்துள்ள பலகை எதுவும் இருக்கக் கூடாது, எழுத்து இடவலம் மாறித் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். கண்ணாடியைப் பார்த்தபடி யாரையும் நிறுத்தவும் கூடாது, தன்னைத் தானே முறைத்துக்கொண்டிருப்பார்.

பெட்டிக்குள் உட்காருகிறவர்களுக்கு இடுப்புக்குக் கீழே வேலை இல்லை. இருக்கைக்குள் அடங்காத கால்களை இடுக்கியால் வெட்டிவிடுங்கள். சீனப் பொட்டலத்தில் மிஞ்சிய பத்துப் பதினைந்து இரட்டைப் பிறவிகள் இங்கே பயன்படுவார்கள். எதிர்ச் சன்னல்களுக்குக் காகிதத் தலைகளே போதும். வாசலில் தொங்குகிறவர்களைப் பெட்டியோடு ஒட்டலாம். ஒட்டினால் நடைமேடை விளிம்பையும் சிக்னல் கம்பத்தையும் மறுபடி ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

தூசிதான் பிறகு வரும் தொல்லை. சென்னை வீட்டில் இரண்டே வாரத்தில் எல்லாருடைய தலையும் நரைத்துவிடும். ஊதாதீர்கள், காகித அத்தைகள் பறந்துவிடுவார்கள். பழைய பவுடர் பிரஷ் ஒன்றைக் கேட்டு வாங்கி, மேலிருந்து கீழாக மட்டும், புடவைகளின் முந்தானை விழும் திசையிலேயே தட்டுங்கள்.